தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே: சிறு விவசாயி பயிற்சிக்குப் போய்வரும் வழி

நம் ஊர் விவசாயிக்குப் பனிக்காலம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் வடமாநிலங்களில் டிசம்பர் பிறந்தால் நிலம் உறைந்துவிடும். விதைக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. அந்த மாதங்களில் அங்குள்ள விவசாயிகள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வேளாண் கூட்டங்களுக்குப் போகிறார்கள். பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததை விவசாயியின் வரப்புவரை கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணிக்கு 1914இல் ஸ்மித்-லீவர் என்ற சட்டமே போட்டுப் பணம் ஒதுக்கியவர்கள் அவர்கள். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியான நம் செபராங் பிறையிலோ வெண்டை டிசம்பரிலும் காய்க்கிறது, ஜூனிலும் காய்க்கிறது. படிக்கப் போகும் காலத்தை வானம் நமக்கு ஒதுக்கித் தராது. நாமேதான் ஒதுக்க வேண்டும்.

நான் பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட் பக்கத்தில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் வெண்டை, கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை, இலைவாழை பயிரிடுகிறேன். காய்களும் இலைகளும் பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கும் பட்டர்வொர்த் சந்தைக்கும் போகின்றன. ஆண்டுதோறும் நிலத்தை விட்டுச் சில நாட்கள் பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் போய்வருகிறேன். "கடையை மூடிவிட்டா படிக்கப் போவது?" என்று கேட்கும் சிறு விவசாயிகளுக்காகவே இதை எழுதுகிறேன். போகலாம். ஆனால் கையில் ஒரு கேள்வியோடு போக வேண்டும். திரும்பி வந்து ஒரு வரிசையிலாவது அதைச் செய்து பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பயணத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல தொழுவுரம் வாங்கிப் போடலாம்.

எப்போது போவது

என் நாட்காட்டியை மழையும் பண்டிகையும் சேர்ந்து எழுதுகின்றன. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் வாழையிலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கேட்ட விலைக்குப் போகும். அப்போது நிலத்தை விட்டு நகரக் கூடாது. பொங்கலுக்கு மறுபடியும் தேவை ஏறும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலிலும் ஊர்வலப் பாதை நெடுகிலும் தண்ணீர்ப்பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்கள் பத்து நாட்களுக்கு முன்பே இலைக்குச் சொல்லிவிடுவார்கள். ஆகவே எனக்குக் கிடைக்கும் இடைவெளி, தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர்வரை மழை அடித்துப் பெய்யும். டிசம்பரில் மெல்லக் குறையும். ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டவை. அந்த மழைக்குப் பிறகு பாத்திகள் சோர்ந்து கிடக்கும். பழைய வெண்டையைப் பிடுங்கி எறிந்து, மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு ஆறவிடும் காலம் அது. அந்த ஆறவிடும் நாட்கள்தாம் என் பனிக்காலம்.

டுரியான்காரருக்குக் கணக்கு வேறு. பாலேக் பூலாவில் பழக்காலம் பெரும்பாலும் மே முதல் ஜூலைவரை. அவர்கள் செப்டம்பருக்கு மேல் போவது நல்லது. செம்பனை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு அறுவடைச் சுற்றுகளுக்கு நடுவே எப்போதும் சில நாட்கள் கிடைக்கும். உங்கள் பயிருக்கு எது சோர்ந்த மாதம் என்பதைப் பழைய விற்பனைக் குறிப்பேட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

பயிற்சி நடத்துகிறவர்களின் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கான பயிற்சிப் பட்டியலைப் பல நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியிட்டுவிடும். டிசம்பர் நடுவில் அரசு அலுவலகங்களில் ஆள் குறைந்துவிடும். ஆகவே எனக்குத் தோதான நாட்கள் நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரம். கோலாலம்பூருக்குத் தெற்கே செர்டாங்கில் நடக்கும் மாஹா வேளாண் கண்காட்சிக்கு மட்டும் இந்தக் கணக்கு எல்லா ஆண்டும் ஒத்துவராது. 1923 முதல் வரும் பழைய கண்காட்சி அது. 2016இலும் 2018இலும் ஆண்டுக் கடைசியில் நடந்தது. 2022இல் ஆகஸ்டில், 2024இல் செப்டம்பரில் நடந்தது. தேதியை உறுதிசெய்துகொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

எங்கே போவது

முதலில் மாவட்ட விவசாய அலுவலகம். இது பலருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் பயிற்சிச் செய்தி முதலில் வந்து சேருவது அங்கேதான். நேரில் போய் உங்கள் பெயர், நிலத்தின் அளவு, பயிர் மூன்றையும் பதிந்துவிட்டு, அதிகாரியின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். "என்சிக் (ஐயா), கத்தரி வாடல் நோய் பற்றி ஏதாவது பயிற்சி வந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்று பயிரையும் நோயையும் பெயர் சொல்லிக் கேட்டால் அவர் நினைவில் நிற்கும். "ஏதாவது பயிற்சி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்; அவர் பார்க்க வேண்டிய விவசாயிகள் ஏராளம்.

அடுத்தது மார்டி. 1969இல் அமைக்கப்பட்ட இந்த மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் செர்டாங்கில் இருக்கிறது. கேமரன் மலையில் தானா ராத்தாவிலும் அதற்கு நிலையம் உண்டு. குளிர்மலைக் காய்கறிகளுக்கு அதுவே சரியான இடம். செர்டாங்கிலேயே புத்ரா பல்கலைக்கழகமும் இருக்கிறது. 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது அது. அங்கே நடக்கும் பொதுக் கருத்தரங்குகளில் விவசாயிகளும் உட்காரலாம். செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் துனாஸ் எனப்படும் ஆலோசனை அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். அவர்கள் ஊருக்கே வருவார்கள். விலை, தரம் பிரித்தல், பொட்டலம் கட்டுதல் பற்றிக் கற்க ஃபாமா எனும் வேளாண் சந்தைப்படுத்தல் வாரியம். இயற்கை விவசாயத்தில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம். பஞ்சகவ்யம், மண்புழு உரம், மூலிகைப் பூச்சிவிரட்டி பற்றி அவர்கள் நடத்தும் பட்டறைகளில் தமிழில் கேட்டுத் தெளியலாம். முதன்முதலில் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். கூச்சம் விலகிவிடும்.

பயிற்சிகளில் சில இலவசம், சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. கட்டணப் பயிற்சி என்றால் கைவேலை உண்டா, நிலத்தைக் காட்டுவார்களா, எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்துப் படம் காட்டும் கூட்டத்துக்காகப் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கத்தியைக் கையில் கொடுத்து ஒட்டுக்கட்டச் சொல்லும் பயிற்சி என்றால் அதைவிட இரண்டு மடங்கு தூரமும் போகலாம்.

குத்தகை நிலக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைகேப் (நல்ல விவசாய முறைக்கான சான்று) போன்ற சான்றிதழ் பற்றிய பயிற்சிகளில் நிலத்தில் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். குத்தகைக் கடிதத்தின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் ஒரு கோப்பில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள். பெண்கள் தங்கள் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள். கணவர் பெயரில் பதிந்துவிட்டு நாம் போனால் சான்றிதழ் அவர் பெயரில் வரும். அடுத்த அழைப்பும் அவருக்கே போகும். மண்ணில் நிற்பது யாரோ அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

நிலத்தை யாரிடம் விடுவது

இதுதான் பெரிய கேள்வி. பயணச் செலவுகூட இரண்டாவதுதான். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும். முற்றிய காய் செடியில் தொங்கினால் புதுப்பூவும் குறையும். முருங்கையும் கறிவேப்பிலையும் சில நாள் பொறுக்கும். ஆகவே பறிக்க ஆள் இல்லை என்றால், போகும் வாரத்தில் வெண்டை உச்சத்தில் இல்லாதபடி விதைப்பைத் தள்ளிவையுங்கள். விதைத்து ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்ப்பு தொடங்கும் என்பதால் இந்தக் கணக்கு கடினமானதில்லை.

என் வீட்டில் தம்பி பார்த்துக்கொள்கிறான். பக்கத்து நிலத்து மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக் ஹாஜி என்று கூப்பிடுபவர், மாலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அவர் மருமகன் ஊருக்குப் போகும்போது அவர்கள் கோழிகளுக்கு நாங்கள் தீனி வைக்கிறோம். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் சிறு விவசாயி எங்கும் நகர முடியாது. பயிற்சிக்குத் திட்டமிடுமுன் இந்த உறவுக்குத் திட்டமிடுங்கள்.

"அக்கா, நீங்கள் இல்லாதபோது மருந்து அடிக்கட்டுமா?" என்று தம்பி கேட்பான். வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது புட்டியின் மேலேயே எழுதியிருக்கும். அடித்தவர் ஒருவர், பறிப்பவர் வேறொருவர் என்றால் அந்த நாள் தவறிவிடும். உரமும் வேண்டாம், கனமழை வந்தால் அத்தனையும் வாய்க்காலில் போகும். விட்டுச்செல்பவருக்குப் பறித்தல், தண்ணீர், வடிகால் மூன்று வேலை மட்டும் கொடுங்கள். அதையும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

வடிகாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்து வெள்ளக்காடாக்கிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். நவம்பரில் புறப்படுவதானால் இரண்டு நாட்களுக்கு முன் எல்லாக் கால்வாயையும் வாரிவிட்டு, வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் கைவிடுங்கள். பயிற்சி அடுத்த ஆண்டும் வரும்.

கேள்வியைத் தயார்செய்வது

"என் கத்தரி செத்துப்போகிறது" என்பது கேள்வியாகாது. அதைக் கேட்டால் எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடியதா, இலை மஞ்சளாகி மெல்ல வாடியதா? ஒரு செடியா, வரிசையாகவா? மழைக்குப் பிறகா, வெயிலிலா? இவற்றை முதலில் எழுதுங்கள். கத்தரியில் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாடிய செடியின் அடித்தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். இறங்காவிட்டால் பூஞ்சை வாடலாகவோ வேர்ப் பிரச்சினையாகவோ இருக்கலாம். இந்த ஒரு தகவலோடு போனால் உங்கள் கேள்வி பாதித் தூரம் தாண்டிவிட்டது.

நோயுற்ற செடியைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நோயையும் ஊர் ஊராகக் கொண்டுபோவீர்கள். படம் எடுங்கள்: முழுச்செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், வேர், பிறகு வயலின் தூரக் காட்சி. பூச்சி என்றால் பக்கத்தில் ஒரு காசு வைத்து எடுத்தால் அளவு தெரியும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சள் வலையாகத் தெரிந்தால் இலையைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்த்து அதையும் எடுங்கள். இந்த மஞ்சள் நரம்பு நோயின் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈதான். செடியையே காட்ட வேண்டுமென்றால் மாவட்ட அலுவலகத்தின் பயிர் மருத்துவச் சேவையிடம் முன்கூட்டிக் கேட்டு, இறுக்கிக் கட்டிய பையில் கொடுங்கள்.

மண்ணை எடுத்துப்போகச் சொன்னால், ஓர் இடத்தில் தோண்டிய மண் உதவாது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில், மேல்குப்பையை நீக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்து, வாளியில் நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்திக் கட்டுங்கள். உரம் கொட்டிய இடம், வரப்பு, எரித்த இடம் மூன்றையும் தவிருங்கள். பையின் மேல் தேதி, பயிர், கடைசியாகச் சுண்ணாம்பு போட்ட மாதம் எழுதுங்கள். நம் மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமில மண். எவ்வளவு புளிப்பு என்று தெரியாமல் சுண்ணாம்பு போடுவது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவதற்குச் சமம்.

பயணம்

சிம்பாங் அம்பாட்டிலிருந்து கொமுட்டர் என்ற உள்ளூர் ரயிலில் ஏறி புக்கிட் மெர்தாஜாம் போய், அங்கே ஈ.டி.எஸ். என்ற விரைவு மின்ரயிலில் கோலாலம்பூர் போவது எனக்குப் பிடித்த வழி. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். தீவிலிருந்து வருகிறவர்கள் படகில் பட்டர்வொர்த் வந்தால் பினாங்கு சென்ட்ரலில் ரயில், பஸ் இரண்டும் பக்கத்திலேயே. டிசம்பர் விடுமுறையில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயிற்சிக்கு இடம் உறுதியான அன்றே போக, வர இரண்டுக்கும் எடுத்துவிடுங்கள்.

செர்டாங் போகிறவர்களுக்கு இரண்டு வழி. உங்கள் ரயில் சுங்கை பூலோவில் நின்றால் அங்கேயே இறங்கி எம்.ஆர்.டி. நகர ரயிலின் புத்ராஜெயா தடத்தில் ஏறுங்கள். 2023 மார்ச்சில் முழுமையாகத் திறக்கப்பட்ட தடம் அது. நகரத்துக்குள் போய் மாறவே வேண்டாம், நேராக யு.பி.எம். (புத்ரா பல்கலைக்கழகம்) நிலையத்தில் இறங்கலாம். இடையில் தூங்கவும் செய்யலாம். மற்ற வழி, கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கி கொமுட்டரில் செர்டாங் நிலையம் போய் அங்கிருந்து வாடகைக் கார். கொமுட்டரில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புக் குறியிட்ட பெட்டி இருக்கிறது. தனியாகப் போகும் பெண்கள் அந்தக் குறியைப் பார்த்து நின்றால் நிம்மதி. இரவு பஸ்ஸில் போகிறவர்கள் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் விடியுமுன் இறங்குவார்கள். முகம் கழுவிப் பசியாறிவிட்டு, அங்கேயே கொமுட்டர் ஏறினால் அடுத்த நிலையம் செர்டாங். பணம் மிச்சம்தான். ஆனால் இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் கூட்டத்தில் கண் சொருகினால் என்ன படிப்பது? என்னால் முடிந்தவரை முதல்நாள் மாலையே போய்விடுகிறேன்.

காரில் போவதென்றால் மூன்று நான்கு பேராகச் சேருங்கள். ஏறத்தாழ 350 கிலோமீட்டர். எண்ணெயும் சுங்கக் கட்டணமும் பங்கிட்டால் ரயிலைவிட மலிவு. வழியெல்லாம் பயிர்ப் பேச்சு என்பது கூடுதல் லாபம்.

தங்குவதற்கு நான் தேர்ந்தெடுப்பது பிரிக்பீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்துவிடலாம், இட்டிலி, தோசை கிடைக்கும், கடைக்காரரிடம் தமிழில் வழி கேட்கலாம். செர்டாங் பக்கத்திலும் மலிவான விடுதிகள் உண்டு. காலை எட்டு மணிக்குப் பயிற்சி தொடங்குமென்றால் அங்கே தங்குவதே நல்லது.

இந்தப் பருவம் கார்த்திகை, மார்கழி. மாலை போட்டவர்களும் விரதம் இருப்பவர்களும் நம்மில் அதிகம். பதிவுப் படிவத்தில் உணவு பற்றிய இடத்தில் சைவம் என்று குறிப்பிடுங்கள். இடம் இல்லாவிட்டால் முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொன்னால் எப்படியாவது ஏற்பாடு செய்வார்கள். அங்கே போய்ச் சொன்னால் வெறும் சோறும் வெள்ளரிக்காயும்தான். வெள்ளிக்கிழமை என்றால் அரசு அலுவலகங்களில் மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. அந்த நேரத்தில் அதிகாரியைத் தேடிப் போக வேண்டாம். கெடாவில் நடக்கும் பயிற்சிக்குப் போகிறவர்கள் அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறக்கக் கூடாது, ஞாயிறு வேலைநாள்.

கூட்டத்தில்

முன்வரிசையில் உட்காருங்கள். விளக்கம் மலாயில் இருக்கும். நடுநடுவே ஆங்கிலமும் வரும். குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். மருந்தின் பெயர், ரகத்தின் பெயர், அளவு மூன்றையும் மட்டும் திரையில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கேட்பதற்கு அதுதான் உதவும். அனுமதி கேட்டுவிட்டுத் திரையைப் படம் எடுக்கலாம். ஆனால் படம் எடுத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கையால் எழுதியதுதான் நிற்கிறது.

எந்தப் பரிந்துரை சொன்னாலும் நான் கேட்பது இவை: இந்தச் சோதனையை எந்த மண்ணில் செய்தீர்கள்? எந்த மாதத்தில்? ஓர் ஏக்கருக்கு என்ன செலவு? செர்டாங் மண் வேறு, செபராங் பிறையின் கடலோரக் களிமண் வேறு, கிளந்தானின் கடற்கரை மணல் வேறு. அங்கே விளைந்தது இங்கே விளையாமல் போக இதுவே பாதிக் காரணம். அவர்கள் எல்லாவற்றையும் ஹெக்டேரில் சொல்வார்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். உட்கார்ந்த இடத்திலேயே வகுத்துப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் எது எந்த அளவு என்று குழம்பிப்போகும்.

மருந்துக் கடைக்காரர்கள் நடத்தும் விளக்கக் கூட்டமும் உண்டு. சாப்பாடு நன்றாக இருக்கும், பை தருவார்கள். போகலாம், ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து நாட்டில் பதிவுபெற்றதா, உங்கள் பயிருக்கு அனுமதி உண்டா என்பதை விவசாயத் துறையிடம் கேட்டபின் வாங்குங்கள். சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை. நம் அம்மாக்கள் முதுகில் தூக்கி அடித்த மருந்து அது. இப்படிப்பட்ட செய்திகளுக்காகவே நான் விடாமல் போகிறேன்.

தேநீர் இடைவேளையில் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் பாக்டீரியா வாடலைத் தாங்கும் என்பதை மண்டபத்தில் விளக்கினார்கள். ஆனால் அதைச் செய்யும் சூட்சுமத்தைச் சொன்னவர் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். "அண்ணே, எனக்கு ஒட்டு பிடிக்கவே மாட்டேன் என்கிறது" என்றேன்.

"இரண்டு விதையையும் ஒரே நாளில் போட்டாயா, தங்கச்சி?"

"ஆமாம்."

"சுண்டைக்காய் முளைக்கவே நாளாகும். அதை மூன்று நான்கு வாரம் முன்னால் போடு. தண்டு இரண்டும் ஒரே பருமன் ஆனபிறகு கத்தியைத் தொடு. ஒட்டியதும் ஒரு வாரம் நிழலில் மூடிவை, காற்று படக் கூடாது. ஈரம் மட்டும் இருந்தால் போதும்."

அப்போதே அவர் எண்ணை வாங்கிக்கொண்டேன். கன்று ஒட்டும் ஒவ்வொரு முறையும் படம் அனுப்புகிறேன், பதில் வருகிறது.

வயல் பார்வைக்கு அழைத்துப்போனால் ஒரு விதியை உயிர்போலக் காக்க வேண்டும். வீட்டு நிலத்தில் போடும் காலணியோடு இன்னொருவர் நிலத்தில் கால் வைக்காதீர்கள். அங்கே போட்டதோடு வீட்டு நிலத்தில் இறங்காதீர்கள். வாழையைக் கொல்லும் ஃபியூசேரியம் வாடல் நோய் மண்ணோடுதான் பயணம் செய்கிறது. ஒருமுறை நிலத்தில் புகுந்தால் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். அதைத் தீர்க்க மருந்து இல்லை. தனியாக ஒரு ஜோடி ரப்பர் காலணி எடுத்துப்போங்கள். திரும்புமுன் பிரஷ்ஷால் மண்ணை முழுக்கத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, பையில் கட்டுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. "அழகான ரகம், ஒரு கன்று எடுத்துப்போ" என்று யாராவது வாழைக்கன்று நீட்டினால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். வேண்டுமானால் திசு வளர்ப்புக் கன்றை நம்பகமான இடத்தில் வாங்கலாம்.

திரும்புமுன் ஒரு விடியற்காலை மீந்தால் செலாயாங் மொத்தச் சந்தைக்கோ, செர்டாங்கிலேயே தங்கியிருந்தால் ஸ்ரீ கெம்பாங்கான் மொத்தச் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். நம் வெண்டை எந்த அளவில் இருந்தால் எந்தக் கூடையில் விழுகிறது என்பதை அங்கே அரை மணி நேரம் நின்றால் கற்கலாம். எந்தப் பயிற்சியும் அதைச் சொல்லித்தரவில்லை.

வந்த பிறகு

வந்த வாரத்திலேயே ஒரு வரிசையில் செய்யுங்கள்; பக்கத்து வரிசையைப் பழையபடியே விடுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் நடவு, ஒரே தண்ணீர், ஒரே உரம். மாற்றுவது ஒன்றே ஒன்று. இரண்டு மூன்று புதுமைகளைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒவ்வொரு பறிப்பையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். செத்த செடிகளை எண்ணி எழுதுங்கள். ஒட்டுக் கத்தரியில் கன்றுக்கான செலவு கூடும் என்பதால் கூடுதலாகக் கிடைத்த கிலோ அந்தச் செலவைத் தாண்டியதா என்று பார்க்காமல் நிலம் முழுக்க மாற்ற வேண்டாம். என் நிலத்தில் வாடல் வரும் தாழ்வான பக்கத்தில் மட்டும் ஒட்டுக்கன்று வைக்கிறேன்; மேட்டில் சாதாரணக் கன்றே போதும்.

அந்தக் கணக்கை அதிகாரிக்கும் பயிற்சி தந்தவருக்கும் அனுப்புங்கள். பலன் இல்லை என்றாலும் அனுப்புங்கள். சொன்னதைச் செய்து பார்த்துக் கணக்கோடு வருகிற விவசாயி அரிது. அப்படி ஒருவர் வந்தால் அடுத்த பயிற்சிக்கு இடம் தேடி அழைப்பார்கள். நிலத்தைப் பார்க்கவும் வருவார்கள்.

எல்லாராலும் செர்டாங் போக முடியாது. வயதானவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், மலாய்ப் பேச்சு வேகத்தில் பின்தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நம் வட்டாரத்திலேயே தமிழில் ஒரு நாள் பயிற்சி கேட்கலாம். புத்தாண்டுப் பயிற்சித் திட்டம் முடிவாகும் முன், டிசம்பரிலேயே கடிதம் கொடுங்கள். இருபது பேரின் பெயர், அடையாள அட்டை எண், நிலத்தின் அளவு, பயிர், கையெழுத்து ஒரே தாளில் இருக்கட்டும். கேட்கும் தலைப்பு ஒன்றாக இருக்கட்டும். மொழிபெயர்க்க நம்மில் ஒருவரின் பெயரையும், கூடுவதற்கு இடமாகக் கோவில் மண்டபத்தையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். கைச்செயல் காட்ட எவர் நிலம் என்பதையும் குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவந்து, பொங்கல் முடிந்த வாரம் அந்த நகலோடு மறுபடி போய்க் கேளுங்கள்.